லைம் நோய் போன பிறகும் காதில் இரைச்சல்: இயற்கையாக என்ன செய்யலாம்?

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேலை பார்த்தவர். போன கோடையில் அங்கே உண்ணி கடித்து, தொடையில் வட்டமாகச் சிவந்து, லைம் நோய் என்று சொல்லி மூன்று வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலும் முட்டிவலியும் போய்விட்டன. இரண்டு காதிலும் 'கீ' என்று ஓடுகிற இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பியவர், 'ஆன்டிபயாடிக் போதும், இனி இயற்கை வைத்தியம்தான்' என்கிறாராம். உம்மா பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார். அமெரிக்க நண்பர் ஒருவர் மூலிகைச் சொட்டு மருந்துகளின் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எதைக் கேட்பது?

நான் ராமநாதபுரத்தில் செவித்திறன் பரிசோதகர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் டீசல் என்ஜின் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்த படகுக்காரர்கள், சங்கு குளித்துக் காது போனவர்கள், பாசி எடுக்க முங்கி முங்கிக் காதடைத்த பெண்கள். லைம் நோய் அபூர்வம். ஆனால் இரைச்சல் எங்கிருந்து தொடங்கினாலும், அதை அடக்கும் வழிகளில் முக்கால்வாசி எல்லோருக்கும் பொதுதான்.

முதலில் நேரடியான பதில். வாய்வழியே சாப்பிடும் மூலிகை, மாத்திரை, கஷாயம் எதுவும் காதிரைச்சலைக் குறைக்கும் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. மருந்தே இல்லாமல் குறைக்க வழி இருக்கிறது. காதுக்கு நாம் கொடுக்கும் ஒலி, தூக்கம், தாடையும் கழுத்தும், பிறகு இரைச்சலைக் கண்டு பயப்படுவதை விடுவது. என்னைக் கேட்டால் உண்மையான இயற்கை வைத்தியம் இவைதான். விற்பதற்கு இவற்றில் ஒன்றும் இல்லாததால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

லைம் நோய் பற்றி நம் பக்கம் அதிகம் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர் உண்டு. 1970களின் நடுவில் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியது. தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான் விசாரணையே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி, உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைப் பார்த்தார். பொரீலியா இனத்தைச் சேர்ந்த அந்தக் கிருமிக்கு இப்போது அவர் பெயர்தான். பரப்புவது கருங்கால் உண்ணி. அதன் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும், கடித்தது பல பேருக்குத் தெரிவதே இல்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் தோலில் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடம்புக்குள் இறங்கும். 3 முதல் 30 நாட்களுக்குள், 70 முதல் 80 சதவீதம் பேருக்கு அந்த வட்டச் சிவப்பு வந்து மெல்லப் பெரிதாகும். ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இந்த நோய்க்கு சிகிச்சை பெறுகிறார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. அங்கே இது வீட்டுக்கு வீடு பேசும் நோய்.

நம் கடற்கரையில் ஆட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு ரகம். அது கடித்தால் லைம் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரை விட்டு எங்கும் போகாத ஒருவருக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரிக் கருப்புப் பொருக்கு, கூடவே காது மந்தம், இரைச்சல் என்று வந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலை நினைக்க வேண்டும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது அது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிரிலும் நிறையவே வருகிறது. செவி நரம்பையும் தாக்கும். சீமைக் கருவேலங்காட்டுக்குள் விறகு வெட்டப் போனவருக்கு இணையத்தைப் பார்த்து லைம் என்று முடிவுகட்டுவதைவிட, இதைச் சோதித்துப் பார்ப்பது உயிரைக் காக்கும். இதற்கும் டாக்சிசைக்ளின்தான், உடனே கொடுக்க வேண்டும்.

சரி, லைம் நோய் காதை எப்படித் தொடுகிறது? அந்தக் கிருமிக்கு மண்டை நரம்புகளின் மேல் ஒரு கண் உண்டு. அதிகம் அடிபடுவது முகத்தை அசைக்கும் 7ஆம் நரம்பு. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணிப்போவது லைம் நோயின் தெரிந்த அடையாளம். கேட்கவும் நிதானமாக நிற்கவும் உதவும் 8ஆம் நரம்பு, அதே எலும்புக் குழாய்க்குள் 7ஆம் நரம்பை உரசிக்கொண்டுதான் போகிறது. வீக்கம் அதற்கும் பரவினால் இரைச்சல், தலைசுற்றல், சிலருக்குச் சாதாரணச் சத்தமே தாங்க முடியாத கூச்சம் எல்லாம் வரலாம்.

வீக்கம் வடிந்த பிறகும் இரைச்சல் ஏன் தங்குகிறது என்பதுதான் எல்லோருக்கும் புரியாத இடம். உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் தகவல் கொஞ்சம் குறைந்தாலும் மூளை தன் பக்கத்துச் சத்தத்தைக் கூட்டிவைக்கிறது. இலங்கை வானொலி சரியாக எடுக்காத இரவில் திருகைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுமே, அந்தக் கரகரப்பைத்தான் காக்கா 'கீ' என்று கேட்கிறார். அந்த அடிச்சத்தம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறையே இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு இரைச்சல் கேட்பதாக எழுதிக் கொடுத்தார்கள். நாளெல்லாம் நம் காதில் விழும் வெளிச்சத்தம் அதை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். ஆபத்து என்று மூளை முத்திரை குத்திவிட்டால் மட்டும் அது மூடுவதில்லை. நோயில் படுத்து, தூக்கம் கெட்டு, 'கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதோ' என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த முத்திரை சுலபமாக விழும்.

அந்தப் பயத்துக்கு முதலில் ஒரு முடிவு கட்டுவோம். சரியாக சிகிச்சை எடுத்த பிறகும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அசதி, உடல் வலி, கவனக் குறைவு போன்றவை மாதக்கணக்கில் தொடர்வது தெரிந்த விஷயம். கிருமி மிச்சம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் எடுக்கத் தேவையில்லை. இப்படித் தொந்தரவு தொடர்ந்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2001இல் வெளிவந்தது. நெதர்லாந்து ஆய்வு 2016இல் வந்தது. இரண்டிலும், நீட்டிக் கொடுத்த மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஆன்டிபயாடிக் போதும் என்று காக்கா எடுத்த முடிவு சரிதான். அதே கிருமியை மூலிகையால் துரத்த வேண்டும் என்ற முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்று, ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். அது பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்து வைத்த எதிர்ப்புப் பொருளை. நோய் குணமான பிறகும் அது வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். 'பாசிட்டிவ்' என்று வரும், வீடே மறுபடி அழும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு இ.என்.டி. மருத்துவர் காதுக்குள் பார்க்க வேண்டும். சிலருக்கு அழுக்குக் கட்டி இருக்கும், அதை எடுத்தாலே இரைச்சல் ஒரு படி இறங்கும். பிறகு செவித்திறன் பரிசோதனை. வழக்கமான சோதனை 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். 'கீ' என்ற மெல்லிய கூர்மையான சத்தம் கேட்பவர்களுக்குப் பல சமயம் அதற்கு மேலே உள்ள சுதியில் குறை ஒளிந்திருக்கும். வசதி உள்ள இடத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். 2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். இவற்றில் குறை இருந்தால் அதைச் சரிசெய்வதே இரைச்சலுக்கும் வைத்தியம்.

கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தால் காது கருவி போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். 'எனக்கு என்ன வயசாகிவிட்டது' என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிச்சத்தம் சரியாக உள்ளே போனால் மூளை தன் திருகை இறக்கும். கருவி போட்ட கொஞ்ச நாளில் இரைச்சலை மறந்து, காது கேட்பதற்காகத்தான் வந்தேன் என்கிற மாதிரி உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ அதிக அளவில் ஓடியிருந்தால் அதுவே காதில் இரைச்சலைக் கிளப்பும். லைம் நோய்க்கென்றே சில அமெரிக்க மருத்துவர்கள் எழுதும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசித்ரோமைசின் இரண்டுமே காதைத் தொடக்கூடியவை. டாக்சிசைக்ளின் அபூர்வமாக மண்டைக்குள் நீரழுத்தத்தைக் கூட்டும். அப்போது தலைவலி, பார்வை மங்கல், நாடித்துடிப்போடு சேர்ந்து 'உஷ் உஷ்' என்ற சத்தம் வரும். வைட்டமின் ஏ அதிகமானாலும் அதே விளைவு உண்டு. உடம்புக்கு நல்லது என்று மீன் ஈரல் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கிற வழக்கம் நம் கடற்கரை வீடுகளில் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

இனி ஒலிக்கு வருவோம். மொத்த விஷயத்தில் கனமானது இதுதான். இரைச்சல் உள்ளவருக்கு மிகப் பெரிய எதிரி அமைதி. ஒரு வள்ளக்காரர் என்னிடம் சொன்னார், 'என்ஜின் ஓடும்வரை ஒன்றும் தெரியாது மேடம், வலையை விட்டுட்டு என்ஜினை நிறுத்தினதும் கடலே கத்துது.' கத்தியது கடல் இல்லை. காக்காவுக்கும் பகலில் கடைத்தெருவில் தெரியாதது, ராத்திரி கதவைச் சாத்தியதும் பெரிதாகும். ஆகவே அவர் இருக்கும் அறையில் எப்போதும் ஏதாவது ஒரு மெல்லிய, மாறாத, அர்த்தமில்லாத ஒலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்விசிறி, மழைச் சத்தம், அலைச் சத்தம் எதுவும் போதும்.

எவ்வளவு சத்தம் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். செய்து பாருங்கள். படுக்கையில் உட்கார்ந்து, ஃபோனில் மழைச் சத்தத்தை மிக மெல்ல வைத்து, தலையணைக்கு ஒரு முழம் தள்ளி வைக்கவும். ஒவ்வொரு படியாகக் கூட்டவும். ஒரு இடத்தில் 'கீ'யும் மழையும் ஒன்றோடொன்று கலக்கும். 'கீ' இன்னும் கேட்கும், ஆனால் அதன் முனை மழுங்கியிருக்கும். அங்கே நிறுத்துங்கள். முழுக்க மறைக்கும் அளவுக்கு வைத்தால் அன்றைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் மூளை அதோடு வாழப் பழகாது. ஃபோனை அணைத்ததும் இரைச்சல் அதே பலத்தோடு நிற்கும். கலந்து கேட்டால்தான் 'இதுவும் இந்த அறையில் இருக்கிற ஒரு சத்தம்' என்று மெல்ல விடும். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஜஸ்ட்ரெபோஃப் என்ற விஞ்ஞானி 1990இல் முன்வைத்த கருத்தின் சாரம் இது. கேட்பது காதாக இருந்தாலும், தொந்தரவைத் தீர்மானிப்பது பயத்தையும் கவனத்தையும் ஆளும் மூளைப் பகுதி என்றார் அவர். இதற்கு மாதங்கள் ஆகும், ஒரு வாரத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. காதுக்குள் செருகும் இயர்ஃபோனை விட அறையில் வைக்கும் ஸ்பீக்கர் நல்லது. பாட்டும் பேச்சும் தூக்கத்துக்கு அவ்வளவு ஏற்றதில்லை, காது அர்த்தத்தைத் தேடிப் போகும். கிராஅத் (குர்ஆன் ஓதல்) மெல்ல ஓடினால் மனம் அடங்குகிறது என்று காக்கா சொன்னால் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். மனம் அடங்குவதற்காகத்தானே இவ்வளவும்.

கடற்கரையில் வீடு இருப்பது இந்த விஷயத்தில் கொடுப்பினை. கீழக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம், நாம் ஆண்கடல் என்கிறோமே அந்தப் பக்கம். ஆடிக் காற்றில் அது போடும் இரைச்சலுக்கு முன் எந்த ஃபோன் செயலியும் நிற்காது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். தொண்டி, தேவிபட்டினம் போலப் பெண்கடல் பக்கம் இருப்பவர்களுக்கு அதே நாட்களில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அவர்கள் மின்விசிறியைத்தான் நம்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழாகும். அதிகாலை கரையில் அரைமணி நேரம் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைம் நோய்க்குப் பிந்தைய அசதிக்கும் அது நல்லது. முதல் நாளே தூரமாக நடந்து, மறுநாள் படுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம், அடுத்த நாளும் அதே தூரம் நடக்க முடிகிற அளவே சரியான அளவு.

தூக்கம் தனி வேலை. தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒழுங்காக வையுங்கள். தூக்கம் வராமல் அரைமணி புரண்டால் எழுந்து மாடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். படுக்கையில் கிடந்து இரைச்சலை அளந்துகொண்டிருப்பது, மூளைக்கு அதைக் காவல் காக்கச் சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். 'இன்றைக்கு எப்படி இருக்கு?' என்று வீட்டில் யாரும் தினமும் கேட்க வேண்டாம். அன்பால்தான் கேட்கிறோம், ஆனால் கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சஹர் சாப்பிட எழுவதால் தூக்கம் உடைந்து, பகலில் தேநீரும் இல்லாமல் தலை கனத்து, இரைச்சல் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மதியம் கொஞ்சம் கண் அயர்ந்தால் சரியாகும்.

எண்ணங்களை மாற்றிப் பழக்கும் உளவியல் பயிற்சிக்கு ஆய்வுகளின் பலம் அதிகம். இரைச்சலின் அளவை அது குறைக்காது, இரைச்சலால் வரும் வேதனையைக் குறைக்கும். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்த சிகிச்சைகளில் அது ஒன்று. நம் ஊரில் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு, ஆனால் காணொளி வழியாகப் பார்க்கலாம். அதே வழிகாட்டி ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், மெலடோனின் போன்ற சத்து மாத்திரைகளைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறது.

தாடையைப் பலர் நினைப்பதே இல்லை. லைம் நோய் முதலில் முட்டியைப் பிடித்தாலும் தாடை மூட்டையும் விடுவதில்லை. வலியிலும் கவலையிலும் இரவில் பல் கடிப்பவர்களும் அதிகம். ஒரு சோதனை சொல்கிறேன், காக்காவைச் செய்யச் சொல்லுங்கள். அமைதியான அறையில் இரைச்சலைக் கவனித்தபடி கடைவாய்ப் பல்லை இறுகக் கடிக்கட்டும். பிறகு கீழ்த்தாடையை முன்னே தள்ளட்டும். பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் எதிர்த்து அழுத்தட்டும். இவற்றில் ஏதாவது ஒன்றில் இரைச்சல் கூடினாலோ குறைந்தாலோ சுதி மாறினாலோ, தாடையும் கழுத்தும் அதற்குத் தீனி போடுகின்றன. அப்படியானால் காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் மெல்லும் வேலை குறைந்த சாப்பாடு, பாக்கும் சூயிங்கமும் நிறுத்தம். உதடு மூடி, பல் ஒட்டாமல், நாக்கு நுனி மேலண்ணத்தில் தொட்டபடி இருப்பதை நாளுக்குப் பலமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பல் மருத்துவர் இரவில் போடும் பல் கவசம் செய்து தருவார். கழுத்துக்குப் பிசியோதெரபி. தாடையால் வரும் இரைச்சலுக்கு இவை பல சமயம் நன்றாகக் கைகொடுக்கும்.

மூச்சுப் பயிற்சியில் பிராமரி என்ற வண்டு ரீங்காரப் பயிற்சியைப் பலரும் சொல்வார்கள். பெரிய ஆய்வு ஆதாரம் கிடையாது. ஆனால் 'ம்ம்ம்' என்று முனகும்போது இரைச்சல் மூடிக்கொள்வதும், மூச்சு நீள்வதும், இதயத் துடிப்பு தணிவதும் கண்கூடு. செலவில்லை, கேடில்லை. காதை விரலால் அழுத்தி அடைக்க மட்டும் வேண்டாம். அடைத்தால் உள்ளே கேட்பது பெரிதாகத்தான் கேட்கும்.

இனி அந்த அமெரிக்க நண்பரின் பட்டியல். ஜப்பான் நாட்வீட், பூனைநகக் கொடி, கிரிப்டோலெபிஸ் என்று போகும் அந்தப் பட்டியல்களில் நம் நிலவேம்பும் இருக்கும். 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கலந்த குழு ஒன்று இந்த மூலிகைச் சாறுகளைக் கண்ணாடிக் குழாயில் லைம் கிருமியின் மேல் விட்டுப் பார்த்தது. சில சாறுகள் கிருமியைக் கொன்றன. நிலவேம்பு சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லை. கொன்றவையும் குழாயில் கொன்றவைதான், மனித உடம்பில் அல்ல, காதில் நிச்சயமாக அல்ல. நிலவேம்புக் குடிநீரை ஒரு வேளை குடிப்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் குடிப்பது வேறு விஷயம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அமுக்கராக் கிழங்கு மன அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லி அமெரிக்காவிலேயே மாத்திரையாக விற்கிறது. அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள், தைராய்டையும் அது அசைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் ஜிங்கோ பக்கம் போகவே கூடாது.

அந்த விற்பனைக்காரர்கள் சொல்லும் ஒரு வாசகத்துக்கு மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மருந்து சாப்பிட்டு இரைச்சல் கூடினால், 'கிருமி சாகிறது, அதனால்தான் கூடுகிறது, விடாமல் சாப்பிடுங்கள்' என்பார்கள். அப்படி ஒரு எதிர்வினை இருப்பது உண்மைதான். ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் நாளில் காய்ச்சலும் குளிரும் வந்து, ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூன்று மாதம் கழித்து மூலிகைச் சொட்டில் இரைச்சல் கூடினால், அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் நான் அதிகம் கை வைப்பதில்லை. உப்பைக் குறைத்தால் பலன் தெரிவது, தலைசுற்றலும் காதடைப்பும் விட்டு விட்டு வரும் மெனியர் நோய்க்காரர்களுக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கும்தான். மற்றவர்கள் கருவாட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். காபி, தேநீரைத் திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வந்து இரைச்சல் கூடுவதாகத் தோன்றும். மாலைக்குப் பிறகு வேண்டாம் என்றால் போதும், அதுவும் தூக்கத்துக்காக.

சத்தத்திலிருந்து காப்பதில் நடுவழி வேண்டும். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், வெடி, விசைப்படகு என்ஜின் அறை, இந்த இடங்களில் காதடைப்பான் கட்டாயம். வெறும் பஞ்சு போதாது. ஆனால் சத்தம் கூசுகிறது என்று வீட்டுக்குள்ளும் நாளெல்லாம் அடைத்துக்கொண்டால் கூச்சம் இன்னும் கூடும். பாத்திரம் விழும் சத்தத்துக்கே துள்ளுகிற நிலையில் இருப்பவர், மெல்லிய ஒலியிலிருந்து தொடங்கி வாரவாரம் ஒரு படி ஏற வேண்டும்.

எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட வேண்டும்? ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றே. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பெரும்பாலும் கேட்பது திரும்பும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரைச்சல் ஒரே காதில் மட்டும் நிலைத்துவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். நாடியோடு சேர்ந்து துடிக்கும் சத்தம், முகம் கோணுவது, கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பு, நிற்க முடியாத சுற்றல், உயிரே வேண்டாம் என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் ஒத்திப்போடாதீர்கள். மருத்துவரிடம் 'அமெரிக்காவில் லைம் நோய் வந்தது, இன்ன மருந்து இத்தனை நாள்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், நம் பக்கம் யாரும் தானாக அதை நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக உம்மாவின் எண்ணெய். காதில் விடும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது. இரைச்சல் பிறக்கும் இடம் அதற்கும் உள்ளே, எலும்புக்குள் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும். பூண்டுச் சாறு, ஊமத்தை, மருள் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கடலில் குளித்த பிறகும் குச்சி விடாமல் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு வெளிமடலைத் துணியால் துடைத்தால் போதும். ஆனால் உம்மாவிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அதே நல்லெண்ணெயை உச்சந்தலையிலும் கழுத்திலும் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டிலும் பத்து நிமிடம் மெல்ல அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லுங்கள், காதுத் துளைக்குள் மட்டும் போகாமல். பூண்டு தேவையில்லை, அது குழம்புக்குப் போகட்டும்.